ஆட்டோடு ஆடாய் வாழும் காவலர்

'நாய்' என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை வரைக என்று கீழ்வகுப்பு மாணவரிடம் சொன்னால், அது நன்றியுள்ள பிராணி என்ற வாக்கியத்தோடு தொடங்காத கொப்பியைக் காண்பது அரிது. முப்பது ஆண்டுகளாக யான் திருத்திவரும் கொப்பிகளே இதற்குச் சான்று. மாணவரை நோவதிற் பயனில்லை. நம் புலவர்களும் நாயை இவ்வாறே கண்டனர். தம்மைத் தாழ்த்திச் சொல்ல நேருமிடமெல்லாம் மாணிக்கவாசகர் 'நாயேன்' என்கிறார். நாலடியாரோ யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்தி, நட்புக்கு நாயே மேல் எனத் தீர்ப்புக் கூறுகின்றது. நம் கிராமங்களிற் சந்திக்குச் சந்தி கோயில் கொண்டிருக்கும் வைரவருக்கு வாகனமாக நிற்பதும் நாயே. ஒருபால் இழிவு, ஒருபால் ஏற்றம். ஆயினும் இவை யாவற்றிலும் நாய் மனிதனின் முகத்தையே பார்த்து நிற்கின்றது.

மனிதனின் முகத்தைப் பாராது ஆட்டின் முகத்தைப் பார்த்து வாழும் நாய் ஒன்று உண்டு. இத்தாலி தேசத்தின் மலைச்சாரல்களில், இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உரோம நூலாசிரியர் காலந்தொட்டே பேசப்பட்டுவரும் மந்தைக் காவல் நாய்களின் வழிவந்தது அது. மரெம்மா, அப்ரூட்சோ என்னும் இரு நிலப்பகுதிகளின் பெயரையும் இணைத்து, 'மரெம்மானோ அப்ரூட்சேசே' என்று அதனை வழங்குவர். மரெம்மா மேற்குக் கடலோரத் தாழ்நிலம். அப்ரூட்சோ நாட்டின் நடுவண் ஓங்கி நிற்கும் மலைநிலம். முன்னர் இவை இரு வேறு இனங்களாகக் கொள்ளப்பட்டன. மாரியிலே தாழ்நிலத்திலும் கோடையிலே மலையிலும் மந்தையோடு திரியும் நாய்க்கு ஊர்ப்பெயரால் வேற்றுமை கற்பித்தல் பொருந்தாதென்று கண்டு, 1958ஆம் ஆண்டில் இரண்டையும் ஒன்றாக்கினர்.

என் தமக்கையின் மகன் அப்ரூட்சோவின் தலைநகராகிய லாக்குயிலாவில் ஓர் உணவுச்சாலையின் சமையற்கட்டிலே வேலை செய்கின்றான். 2009ஆம் ஆண்டு ஏப்ரில் 6ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 300க்கு மேற்பட்டோரைப் பலிகொடுத்த நகரம் அது. பழைய வீதிகளிற் பலவற்றைச் சாரங்கட்டிப் புதுக்கியிருந்தனர். 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவனிடஞ் சென்று மூன்று வாரம் தங்கியிருந்தேன். கோயில்களையும் நூதனசாலைகளையும் காட்டி முடித்தபின், "மாமா, இனி ஆடு பார்க்கப் போவம்" என்றான். ஆட்டைப் பார்க்க அவ்வளவு தூரம் வரவேண்டுமோ என்று எண்ணினேன். அவன் காட்ட விரும்பியது ஆட்டையன்று என்பது பின்னர்த் தெரிந்தது.

நகரத்திலிருந்து மலைப்பாதையால் ஏறினால் 'காம்போ இம்பெரத்தோரே' என்னும் மேட்டுச் சமவெளி வருகின்றது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1800 மீற்றர் உயரம். மரமில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் பாறையுமே. வடபால் கிரான் சாசோ மலைத்தொடர் மதில்போல நிற்கின்றது. அதன் சிகரம் 2912 மீற்றர் உயர்ந்தது. இச்சமவெளியைச் 'சின்னத் திபெத்து' என்பார் உளர். முல்லை நிலத்தைக் காடும் காடு சார்ந்த இடமும் எனப் படித்துக் கொடுப்பவன் யான். மரமே இல்லாத முல்லை ஒன்றினை அன்றே கண்டேன்.

வண்டியை விட்டு இறங்குமுன் மருமகன் எனக்கு ஓர் எச்சரிக்கை செய்தான். "மாமா, நாய் வந்தால் குனியாதேங்கோ. கல்லெடுக்கிற மாதிரிக் கையையும் நீட்டாதேங்கோ. சத்தம் போடாமல் அப்படியே நில்லுங்கோ." நம்மூரிலே தெருநாயை விரட்டும் வித்தை குனிவதொன்றே, கையிற் கல் இல்லாவிடினும், குனிந்த மாத்திரத்தே நாய் ஓடிவிடும். அவ்வித்தை அந்த மலையிலே செல்லாது. குனிபவனும் கல்லெறிபவனும் ஓடுபவனும் அந்த நாய்களுக்கு ஒருவரே: மந்தைக்குத் தீங்கு செய்ய வந்தவர்.

மந்தையிலே முந்நூறு ஆடுகள் வரையில் இருந்தன. நாயைத் தேடினேன்; காணவில்லை. சற்றே நெருங்கியதும் படுத்திருந்த ஆடுகளுள் ஓர் 'ஆடு' எழுந்து நின்றது. அதன் பின்னர் இன்னொன்று, அப்பால் மேட்டிலே மூன்றாவது. வெண்ணிற உடல், கரடியின் தலையை ஒத்த பெருந்தலை, கரிய மூக்கு, கழுத்தைச் சூழ்ந்து பிடரிமயிர்போலத் தடித்த உரோமம். ஆணாயின் தோளுயரம் 65 முதல் 73 சென்ரிமீற்றர் வரை, நிறை 35 முதல் 45 கிலோ வரை என்பது இவ்வினத்துக்கு வகுத்த அளவு. பெண் சற்றுச் சிறியது. எம்மை நோக்கி வந்தவற்றுள் முன்னே நின்றது ஒரு பெண்நாய். குரைப்பு ஆழ்ந்தது, அவசரமில்லாதது.

அந்த நாய்கள் செய்ததை ஊன்றிப் பார்த்தேன். மூன்றும் ஒருங்கே ஓடிவரவில்லை. பெண்நாய் எமக்கும் மந்தைக்கும் இடையே குறுக்காக நின்று குரைத்தது. இளைய ஆண் ஒன்று பக்கவாட்டிலே சுற்றி எம் பின்புறத்தை நோக்கிச் சென்றது. மூன்றாவது அசையாமல் மேட்டிலேயே நின்று, எம்மைப் பாராது மறுதிசையைப் பார்த்தது. முன்வாயிலில் ஆரவாரம் எழும்போது பின்வாயிலைக் காப்பவன் அங்கேயே நிற்கவேண்டும் என்பது போர்நூல் வல்லார் சொல்லும் பாடம். இதனை அந்நாய்க்கு ஒருவரும் கற்பித்ததில்லை என்று ஆட்டுக்காரர் பின்னர் கூறினார்.

அவர் மக்கெதோனிய நாட்டவர். அப்ரூட்சோ மலைகளில் இன்று மந்தை மேய்ப்போருட் பலர் மக்கெதோனியரும் உருமேனியருமே. உள்ளூர் இளைஞர் இத்தொழிலை விட்டு நகரங்களை நாடிவிட்டனர். அவர் ஒரு சொல் கூறினார். பெண்நாய் குரைப்பதை நிறுத்தி எம்மை ஒருமுறை மோந்து, திரும்பிச் சென்று ஆடுகளிடையே படுத்துக்கொண்டது. வாலாட்டவில்லை. அதனைத் தடவிப் பார்க்கலாமா என்று மருமகனைக் கொண்டு கேட்பித்தேன். அவர் தலையசைத்து மறுத்தார். "அது உங்களுடைய நண்பன் அல்ல, என்னுடைய நண்பனும் அல்ல. என்னோடு வேலை செய்கிறது" என்றார். மருமகனின் மொழிபெயர்ப்பிலே கேட்டதாயினும், அவ்வாக்கியத்தின் செப்பம் என்னைக் கவர்ந்தது.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சிக்கு வாசகர் இடந்தரல் வேண்டும். ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என்று நாய்க்குப் பெயர் பல உடையது நம் மொழி. இளமைப் பெயரையுந் தொல்காப்பியர் மரபியலிலே விடவில்லை. நாய்க்குட்டியைக் குருளை எனலாம் என்பது அவர் விதி. ஆயின் மந்தையோடு சேர்ந்த நாய்களில் இருவகை உண்டு என்பதைக் காட்டும் சொல் நம்மிடம் இல்லை. ஆங்கிலேயரும் இரண்டையும் 'ஆட்டுநாய்' என்றே பொதுவிற் சொல்லி மயங்குகின்றனர். ஆட்டைக் கண்ணாலே மிரட்டி, பதுங்கி, துரத்தி, மேய்ப்பன் விரும்பிய திசைக்குச் செலுத்துவது ஒருவகை. கொலி என்னும் ஸ்கொத்லாந்து நாய் அவ்வகையினது. அதனை 'ஓட்டுநாய்' எனலாம். ஆட்டைச் செலுத்தாது, அதனோடு கூடித் திரிந்து, பகை வந்தவிடத்து எதிர்நிற்பது மற்றது. அதனைக் 'காப்புநாய்' எனலாம். ஓட்டுநாயிடம் இருப்பது வேட்டைக் குணமே. கடிக்கும் நிலைக்குப் போகாமல் இடையில் நிறுத்தப்பட்ட வேட்டை. காப்புநாயிடமோ அவ்வேட்டைக் குணம் எழுவதே அரிது. ஆடு ஓடினாலும் அது துரத்துவதில்லை. ஓட்டுநாயைக் கண்டால் ஆடு அஞ்சும். காப்புநாயின்மேல் ஆடு சாய்ந்து உறங்கும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தல் வேட்டுவனையும் வாயில் காப்போனையும் ஒருவனென்று சொல்வது போலாகும்.

இக்குணம் எங்ஙனம் அமைகின்றது? பிறப்பிற் பாதி, வளர்ப்பிற் பாதி. ஆட்டுக்காரர் தம் பட்டியின் ஒரு மூலையைக் காட்டினார். வைக்கோலின்மேல் நான்கு குருளைகள் கிடந்தன. அவற்றைச் சூழ்ந்து ஆட்டுக்குட்டிகள். கண் விழித்த நாள்முதல் அவை மோந்தறிவது ஆட்டின் மணமே. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டு மசச்சூசெற்சு மாநிலத்து ஹாம்ஷயர் கல்லூரியிலே, ரேமண்ட் கொப்பிங்கர், லோர்னா கொப்பிங்கர் என்னும் தம்பதியர் இத்தகைய நாய்களை ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வருவித்து ஆராய்ந்தனர். பிறந்து நான்கு மாதத்துக்குள் யாரோடு பழகுகின்றதோ அவரையே நாய் தன் சுற்றமாகக் கொள்ளும் என்பது அவர்கள் கண்டது. அந்தக் கதவு பின்னர் எளிதில் திறவாது. நல்ல காப்புநாய்க்கு மூன்று குணம் வேண்டும் என்றும் அவர்கள் வகுத்தனர்: மந்தையை விட்டகலாமை, மந்தைக்குத் தான் தீங்கு செய்யாமை, பிறர் தீங்கைத் தடுத்தல். வீரம் மூன்றாவதாகவே வருகின்றது. அகலாமை இல்லாதவிடத்து வீரம் பயன்படாது என்பதே அவர்கள் கருத்துப் போலும்.

இதனை உரோமர் நன்கறிந்திருந்தனர். வர்ரோ என்னும் பேரறிஞர் தம் எண்பதாம் அகவையை அண்மிய காலத்தில் எழுதிய வேளாண்மை நூலில், மந்தைநாயை வேட்டைக்காரனிடமும் இறைச்சிக் கடைக்காரனிடமும் வாங்கலாகாது என்கிறார். முன்னவனின் நாய் முயலைக் கண்டால் அதன்பின் ஓடிவிடும். பின்னவனின் நாய் மந்தையின்பின் செல்லச் சோம்பும். ஓநாய் கழுத்தைக் கவ்வாதபடி ஆணி பதித்த தோற்பட்டை அணிவிக்க வேண்டும் என்றும், ஆணியின் தலை கழுத்தை உறுத்தாதவாறு உட்புறம் மென்தோல் தைக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அம்மலையிலே ஆட்டுக்காரரின் குடிசையில் ஆணியிற் தொங்கிய இரும்புமுட் பட்டையைக் கண்டபோது, இரண்டாயிரம் ஆண்டு பழைய உரைக்கு ஒரு கண்கூடான மேற்கோள் கிடைத்தது. அவருக்குப் பிற்பட்ட கொலுமெல்லா, மந்தைநாய் வெண்ணிறமாக இருத்தல் வேண்டும் என்று காரணங்காட்டுகிறார்: விடியலின் மங்கல் ஒளியில் ஓநாயென்று மயங்கி மேய்ப்பன் தன் நாயையே தாக்கிவிடுதல் கூடும். வீட்டு வாயிலைக் காக்கும் நாய்க்கோ கருநிறம் வேண்டுமாம். பகலிலே கள்வனை அச்சுறுத்தவும் இரவிலே அவன் கண்ணுக்குப் படாதிருக்கவும்.

வர்ரோ கூறும் கதை ஒன்று சுவையானது. அமித்தேர்னும் என்ற ஊரவனாகிய அவுபிதியுஸ் என்பான் உம்பிரியா நாட்டின் கோடியிலே ஆட்டு மந்தைகளை விலைக்கு வாங்கினான். நாய்கள் விலையோடு சேர்ந்தன; மேய்ப்பர் சேரவில்லை. அம்மேய்ப்பர் மந்தையைத் தெற்கே கடற்கரை நாடுவரை ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினர். சில நாளிலே நாய்கள் அவர்களை நினைந்து ஏங்கி, தாமாகவே புறப்பட்டு, பலநாள் வழியை வயல்வெளிகளில் இரைதேடிக் கடந்து, உம்பிரியாவில் அவர்களிடமே வந்து சேர்ந்தன. நாயைத் தன்னைப் பின்தொடரச் செய்ய வேண்டுமாயின் அவித்த தவளை ஒன்றை அதற்கு எறிக என்று சாசேர்னா என்பார் எழுதி வைத்திருந்தாராம். அம்மேய்ப்பருள் ஒருவரும் தவளை அவித்தவரல்லர் என்று வர்ரோ நகையாடுகிறார். அமித்தேர்னும் நகரின் இடிபாடுகள் லாக்குயிலாவுக்கு அணித்தாகவே உள்ளன. ஒரு மாலை அங்கே சென்று வட்டரங்கின் கற்களில் அமர்ந்திருந்தோம். அந்த நாய்கள் ஆட்டை விட்டுவிட்டு மனிதரைத் தேடின என்பதும் கருதத்தக்கது. கொப்பிங்கர் தம்பதியர் வகுத்த முதற்குணத்தை வைத்துப் பார்த்தால் அவை தேர்வில் தவறியவை. அவுபிதியுஸுக்கு நட்டம், அன்பு என்று நோக்கின் அதற்குக் குறையில்லை.

பண்டு இம்மந்தைகள் புரட்டாசி முடிவிலே மலையிறங்கித் தெற்கே பூலியாச் சமவெளிக்குச் செல்லும், வைகாசியில் மீளும். லாக்குயிலாவிலிருந்து பொஜ்ஜா வரையுள்ள புல்வழி 244 கிலோமீற்றர் நீளம், 111 மீற்றர் அகலம் உடையதாயிருந்தது. 1447ஆம் ஆண்டில் அரகோன் மரபினனாகிய அல்பொன்சோ மன்னன் இம்மந்தைப் போக்குவரத்துக்கு வரிச்சாலை அமைத்துச் சட்டம் வகுத்தான். இவ்வழக்கத்தை 2019இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது. பதியும்போதே வழக்கு அருகிவிட்டது என்பது சொல்லாமலே விளங்கும். இன்று பெரும்பாலான ஆடுகள் பாரவண்டியிலேயே இறங்குகின்றன.

இனி ஓநாயின் கதை. 1970களின் தொடக்கத்தில் இத்தாலி முழுவதிலும் நூறளவான ஓநாய்களே எஞ்சியிருந்தன. சட்டம் அவற்றைக் காத்தது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் நாடளாவ எடுத்த கணிப்பிலே அவை ஏறத்தாழ 3300 எனக் கண்டனர். அப்ரூட்சோவில் ஓநாய் ஒருபோதும் முற்றாக அற்றதில்லை. ஆகவே நாயும் நாயை வளர்க்கும் அறிவும் அறவில்லை. ஓநாய் நெடுங்காலம் இல்லாதொழிந்த பிறவிடங்களில் நாயையும் கைவிட்டனர். ஓநாய் மீண்டபோது ஆடுகள் காவலின்றிக் கிடந்தன. பகைவன் போனபின் காவலனைக் கலைத்துவிட்ட நாட்டின் நிலை அது.

நாய் ஓநாயைக் கொன்று மந்தையைக் காக்கின்றது என்று நினைப்பது கதை கேட்டவர் நினைப்பு. கொல்வது மிக அரிது. பெரும்பாலும் ஓநாயின் எண்ணத்தை நாய் குலைக்கின்றது, அவ்வளவே. இரவெல்லாம் குரைத்தும், எல்லைகளிற் சிறுநீர் கழித்தும், இங்கே உழைப்பு அதிகம் ஊதியம் குறைவு என்று ஓநாய்க்கு உணர்த்துகின்றது. ஓநாய் கணக்கறிந்த விலங்கு, வேறிடம் போய்விடும். இந்த ஏற்பாட்டால் ஆடும் பிழைக்கின்றது, ஓநாயும் பிழைக்கின்றது. துப்பாக்கியாலும் நஞ்சாலும் இயலாதது இது.

நஞ்சு என்றேன். இரண்டாம் நாள் சென்றபோது, மூன்று ஆண்டுக்கு முன் இறந்த தம் நாயொன்றைப் பற்றி ஆட்டுக்காரர் சொன்னார். இறைச்சியில் நஞ்சு வைத்துக் காட்டிலே போடும் கொடிய வழக்கம் அங்கே முற்றும் ஒழிந்தபாடில்லை. ஓநாய்க்கென்று வைப்பதை நாய் தின்கின்றது; கழுகு தின்கின்றது; அம்மலைகளுக்கே உரிய, ஐம்பதளவாக எஞ்சியுள்ள மார்சிக்கக் கரடியும் தின்றுவிடக் கூடும். அந்நாய் மேட்டிலே நின்ற மூன்றாவது நாயின் தாய். "அது செத்த மாதம் பதினொரு ஆடு போனது" என்றார். பெயரைச் சொல்லவில்லை, ஆட்டின் தொகையைச் சொன்னார். அதற்குமேற் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு இப்போது மிகுந்த கவலை ஓநாயால் அன்று, உல்லாசப் பயணிகளால். கோடையில் நடைப்பயணிகளும் துவிச்சக்கரவண்டிக்காரரும் அச்சமவெளியில் நிறைகின்றனர். சிலர் தங்கள் வீட்டுநாயை அவிழ்த்துவிட்டு வருவர். சிலர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் படம் எடுக்க முயல்வர். நாய் தன் கடமையைச் செய்யும்; பயணி முறைப்பாடு செய்வார். நாய் சாதுவானால் ஓநாய்க்கு வாய்ப்பு. கடுமையானால் மேய்ப்பனுக்கு வழக்கு. ஆகவே முற்காலத்திற்போலக் குருளையை மனிதரே தீண்டாமல் வளர்க்காது, தினமும் சற்றுநேரம் மனிதக் கைபடச் செய்கின்றனர். எவ்வளவு என்பதிலேதான் நுட்பம். கூடினால் அது குடிசை வாயிலில் வந்து படுத்துவிடும். மாணவரோடு பழகும் ஆசிரியர்க்கும் இந்த அளவறிதல் எளிதன்று.

இந்நாயின் புகழ் கடல்கடந்து பரவியதற்குப் பென்குயின் பறவை ஒரு காரணம் என்றால் நம்புவது கடினம். அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில் வார்ணம்பூல் என்னும் கரையூர் உண்டு. அதற்கு எதிரே நடுத்தீவு என்னும் சிறு தீவு. அங்கே மிகச்சிறிய இனப் பென்குயின்கள் முட்டையிடும். கடல் வற்றும் வேளையில் நரிகள் கடந்துசென்று அவற்றை வேட்டையாடின. நூற்றுக்கணக்கில் இருந்தவை 2005அளவிற் பத்துக்கும் குறைந்தன. கோழிப்பண்ணைக்காரராகிய அலன் மார்ஷ் தம் கோழிகளைக் காத்த மரெம்மா நாயைத் தீவிலே விட்டுப் பார்க்கலாம் என்றார். 2006இல் 'ஒட்போல்' என்னும் நாய் அங்கே சென்றது. பின்வந்த நாய்களுக்கு அப்பென்குயினின் விலங்கியற் பெயரையே இரண்டாகப் பிரித்து யூடி, தூலா என்று பெயர் வைத்தனர். பறவைகள் நூற்றுக்குமேற் பெருகின. 2015இல் அக்கதை திரைப்படமும் ஆயிற்று. ஆயின் 2017இல் கடல் கொந்தளித்து நாய்களைத் தீவிலே இறக்க இயலாதிருந்த நாள்களில் நரி மீண்டும் புகுந்து பெருங்கேடு செய்தது. திரைப்படம் பார்த்தவர் பலர்க்கு இப்பின்கதை தெரியாது.

மூன்றாம் நாள் மாலை, பட்டிக்கு மந்தை திரும்பும் வேளை. அப்பெண்நாய் எமக்குப் பத்து முழத் தொலைவில் வந்து முதுகைக் காட்டிப் படுத்தது. முகம் மலைவரம்பை நோக்கியிருந்தது. எம்மைப் பற்றிய ஐயம் தீர்ந்தது என்பதற்கு அதுவே அடையாளம் என்றார் ஆட்டுக்காரர். பாற்கட்டி எடுத்தபின் எஞ்சிய நீரிலே தவிட்டு ரொட்டியைப் பிசைந்து நாய்களுக்கு வைத்தார். மூன்றும் முறைவைத்தே வந்து உண்டன. இரண்டு எப்போதும் வெளியே நின்றன.

குருளையொன்றை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று மருமகன் விளையாட்டாகக் கேட்டான். அவ்வளவு தடித்த உரோமத்தோடு நம் சித்திரை வெயிலை அது எங்ஙனம் பொறுக்கும் என்று நினைத்தேன். ஆட்டுக்காரருக்கு வெயிலைப்பற்றிய கவலையில்லை. "உங்களிடம் எத்தனை ஆடு?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "ஓநாய் உண்டா?" எங்கள் தீவில் ஓநாயே இல்லை, நரிதான் உண்டு, அதுவும் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்றேன். அவர் சற்றே யோசித்தார்.

"அப்படியென்றால் அது தபாற்காரரைத்தான் பிடிக்கும்" என்றார்.